மூத்த நண்பர்களின் கடற்கரை நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பழைய அலுவலக நண்பர்களோ ஒரே தெருக்காரர்களோ, மாதத்தில் ஒன்றிரண்டு நாள் சேர்ந்து கடற்கரைக்குப் போய் நடந்துவிட்டு வருவது சென்னையில் பலருக்குப் பழக்கம். விடிந்ததும் கிளம்பி, கொஞ்சம் நடந்து, டிபன் சாப்பிட்டு, மறுபடி நடந்து, நிழலில் உட்கார்ந்து பேசி, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். தினசரி வாக்கிங்கோடு இதைச் சேர்க்கக் கூடாது. தினசரி நடை உடம்புக்கு. இது ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கு.

இப்படிப்பட்ட குழுக்கள் சண்டை போட்டுக் கலைவது அபூர்வம். ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். "பேரன் வந்திருக்கான்", "அன்னைக்கு ஒரு கல்யாணம்" என்று இரண்டு முறை சொல்வார்கள், மூன்றாவது முறை வாட்ஸ்அப்பில் பதிலே வராது. முழங்கால் வலி, அடிக்கடி பாத்ரூம் போகவேண்டிய தொந்தரவு, சரியாகக் கேட்காத காது, கையைக் கடிக்கும் ஓட்டல் பில் என்று உண்மையான காரணம் வேறாக இருக்கும். இந்த வயதில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் ஒரு நண்பரை அவரே சொல்லாமல் விலக வைக்கும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன். உயிருக்கே ஆபத்தான சில தவறுகளும் உண்டு, அவற்றையும் விடவில்லை.

வேகமானவர் முன்னால் போவது

எந்தக் குழுவிலும் இரண்டு பேர் விறுவிறுவென்று நடப்பார்கள். மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து கிளம்பினால் அவர்கள் கண்ணகி சிலைக்கு முன்னாலேயே வந்து, திட்டில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிடம் கழித்துக் கடைசி ஆள் மூச்சு வாங்கியபடி வந்து சேருவார். உடனே இவர்கள் எழுந்துகொள்வார்கள். "வந்தாச்சா சார்? சரி, கிளம்பலாம்."

இதில் நடப்பது என்னவென்று பாருங்கள். ஓய்வே தேவைப்படாதவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு. தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அன்று முழுக்க இதுவே திரும்பத் திரும்ப நடக்கும். அவர் யாரையும் குறை சொல்ல மாட்டார். அடுத்த மாதம் வர மாட்டார், அவ்வளவுதான்.

மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும், மற்றவர்கள் அவர் பின்னால் வரட்டும். ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகே கணக்கிட ஆரம்பியுங்கள். நன்றாக நடக்கக்கூடிய ஒருவர், போனில் சார்ஜ் வைத்துக்கொண்டு, எப்போதும் கடைசியில் வர வேண்டும். வேகமாக நடந்தே தீரவேண்டும் என்பவர் அரை மணி முன்னால் வந்து தனியாக நடந்துவிட்டு அப்புறம் சேர்ந்துகொள்ளலாம். வேகம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி பேச்சு. பேசிக்கொண்டே வந்தவர் 'ஆமா', 'இல்ல' என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு மூச்சு போதவில்லை என்று அர்த்தம்.

காதும் இதோடு சேர்ந்ததுதான். அலைச் சத்தமும் காற்றும் இருக்கும் இடத்தில் காது மந்தமானவருக்கு நாலைந்து பேர் சேர்ந்து பேசுவது வெறும் இரைச்சல். காது மெஷின் போட்டிருந்தால் காற்று அதில் மோதி இன்னும் தொல்லை. அவர் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே வருவார், ஒன்றும் விளங்கியிருக்காது. இரண்டிரண்டு பேராக நடங்கள். நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் ஒருவர் இருந்து பேசிக்கொண்டு வரட்டும். அரட்டையைக் காற்றில்லாத இடத்தில் உட்கார்ந்து வைத்துக்கொள்ளலாம்.

மணலைத் தரை மாதிரி நினைப்பது

வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் 5 கிலோமீட்டர் நடப்பவர், கடற்கரையிலும் 5 கிலோமீட்டர் முடியும் என்று கணக்குப் போடுகிறார். ஒரே வேகத்தில் நடந்தால் இறுகிய தரையில் செலவாகும் சக்தியைப்போல மணலில் இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். பூங்காவில் 5 என்றால் மணலில் 2 என்று வையுங்கள், அதுவே தாராளம்.

மெரினாவில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். அங்கே ரோட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் மணற்பரப்பு சராசரியாக 300 மீட்டர் அகலம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டியபோது, தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டு இந்தப் பக்கம் சேர்ந்துகொண்டே வந்ததால் இத்தனை அகலம். வடக்கே ராயபுரம், எண்ணூர்ப் பக்கம் அதே காரணத்தால் கரை அரித்துப்போய்க் கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள், வயதானவர்கள் நடக்கும் இடமில்லை அது. ஆக, மெரினாவில் அலையைத் தொட்டுவிட்டு வருவதே காலைப் புதைக்கும் மணலில் 600 மீட்டர் நடை. முழங்கால் வலி உள்ளவருக்கு அன்றைய கோட்டா அதிலேயே முடிந்துவிடும். நடையை நடைபாதையில் வைத்துக்கொண்டு, அலைக்கு ஒரே ஒரு முறை போய்வருவது நல்லது.

நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை நடைபாதை சுமார் 3 கிலோமீட்டர். இதைப் போய்த் திரும்பும் நடையாக வைக்காமல் ஒருவழி நடையாக வைப்பதுதான் என் பரிந்துரை. பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கி, கடற்கரைக்கு வந்து வடக்கே நடந்து, சேப்பாக்கத்தில் ரயில் ஏறிவிடலாம். நடுவில் தளர்ந்தால் திருவல்லிக்கேணி ஸ்டேஷன் இருக்கிறது. இந்த ஸ்டேஷன்களில் படிகள் அதிகம். லிப்டும் எஸ்கலேட்டரும் ஓடுகின்றனவா என்று ஒருவர் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

அலையோரத்து ஈர மணலில் நடப்பது சுலபம்தான், ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் வெகுதூரம் போனால் ஒரு கால் பள்ளத்திலும் ஒரு கால் மேட்டிலுமாகவே போகும், இடுப்பும் முட்டியும் மறுநாள் காட்டிவிடும். கொஞ்ச தூரம் போய் அதே வழியில் திரும்பினால் இரண்டு பக்கமும் சமமாகும்.

வெறுங்காலில் மணலில் நடப்பது சுகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பல வருடச் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சிப்பி கிழித்தாலும், அறுந்த தூண்டில் முள் ஏறினாலும், பத்து மணி மணல் சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்த் தரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போடுகிறவர்கள் அதைக் கடற்கரையிலும் கழற்றக் கூடாது. பின்வார் இருக்கும் செருப்பாக இருக்கட்டும், ஹவாய் செருப்பு மணலில் நழுவும். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

காற்று இருக்கிறதே என்று வெயிலை மறப்பது

சென்னையில் மே மாதக் கடைசியில் ஐந்தேமுக்கால் மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். ஜனவரிக் கடைசியில் ஆறரை தாண்டும். வருடம் முழுக்க 'ஆறரைக்கு வந்துடுங்க' என்று ஒரே நேரம் வைக்கிற குழு, கோடையில் முக்கால் மணி நேரக் குளிர்ச்சியை இழக்கிறது.

கடற்காற்றைப் பற்றியும் ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. தரை சூடேறி, அதன் மேலுள்ள காற்று எழும்பி, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வர வேண்டும். கோடையில் அது நண்பகலை ஒட்டித்தான் கரையேறும். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் ஜூன், ஜூலையில் இன்னும் தாமதமாகும். ஆகவே ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கடற்கரையில் வெக்கையும் புழுக்கமும்தான். காற்று வந்த பிறகு வேறு ஆபத்து: வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் தண்ணீர் குறைவதும் தோல் கருகுவதும் தெரியாது. அக்னி நட்சத்திர நாட்களில் பகல் நடையை விட்டுவிடுங்கள், சந்திப்பை விடவேண்டாம். யார் வீட்டு மாடியிலாவது கூடிப் பேசலாம். குடையைக் கடற்காற்று திருப்பிவிடும். தொப்பி, இல்லாவிட்டால் தலையில் நனைத்த துண்டு, அதுதான் நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழையைப் பார்த்துத்தான் முடிவு. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் அந்த வாரம் கடற்கரையே வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் நடு வரைதான் அருமையான காலம்.

பாத்ரூமைத் திட்டத்தில் சேர்க்காதது

குழுக்களைக் கலைப்பதில் முதலிடம் இதற்குத்தான் என்று நினைக்கிறேன். யாரும் இதைப் பேசுவதில்லை. புராஸ்டேட் தொந்தரவு உள்ள ஆண்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை போகவேண்டியிருக்கும். பெண்கள் நிலைமை இன்னும் கஷ்டம். இருமினால், தும்மினால் கசியும் தொந்தரவு பலருக்கு உண்டு. இவர்கள் எல்லோரும் கண்டுபிடித்த வழி, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவது. வெயிலில் நடக்க வருகிறவர் தண்ணீர் குடிக்காமல் வந்தால் மயக்கம், காலில் தசைப்பிடிப்பு, இரண்டு நாள் கழித்து நீர்க்கடுப்பு, எல்லாம் வரிசையாக வரும். வயதாக ஆகத் தாக உணர்ச்சியே குறைந்துவிடுவதால் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பதும் உதவாது.

நடையை வடிவமைக்கும்போதே, எங்கே சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப வழியைப் போடுங்கள். பார்த்தது போதாது, அந்த மணிக்குத் திறந்திருக்குமா என்றும் தெரிய வேண்டும். டிபன் சாப்பிடும் ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது ருசிக்கு முன்னால் இதைப் பாருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்பது முட்டி மடக்க முடியாதவருக்குப் பெரிய விஷயம். முதல் நாள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியிலேயே "ஏழே முக்காலுக்கு இங்கே நிற்போம், பாத்ரூம் வசதி உண்டு" என்று எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு 'சரி, நானும் வரேன்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பிரஷருக்கோ இதயத்துக்கோ நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நடை நாளன்று அதைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் ஒரு முறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும். எவ்வளவு தண்ணீர் என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்களை 'குடிங்க சார், வெயிலா இருக்கு' என்று வற்புறுத்தாதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக நோயாளிகளுக்கு அது உபசாரம் ஆகாது.

வெறும் வயிற்றில் மாத்திரையும், பங்குபோடும் மாத்திரையும்

ஆறு மணிக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ போட்டுக்கொண்டு, 'டிபன் ஒன்பது மணிக்குத்தானே' என்று நடக்க ஆரம்பிப்பது ஆபத்து. நடையும் சர்க்கரையைக் குறைக்கும், மருந்தும் குறைக்கும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு, திடீர்க் கோபம் இவையெல்லாம் தாழ்சர்க்கரையின் அடையாளங்கள். அமைதியான நண்பர் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் கோபித்துக்கொள்ளாமல் முதலில் உட்கார வையுங்கள். விழுங்க முடிகிறது என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி பாருங்கள். சர்க்கரை பார்க்கும் மெஷினில் 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். பிஸ்கட் அப்புறம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

'எனக்கு இது நல்லா கேட்டுது' என்று முட்டி வலி மாத்திரையைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது நம் ஊர்ப் பாசம். பல வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாசத்துக்கு வேறு வழிகள் உண்டு.

நெஞ்சை இறுக்குகிறது, தாடை வலிக்கிறது, இடது கை கனக்கிறது என்றால் 'கேஸ்தான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்' என்று யாராவது சொல்வார்கள். அந்த சோடாவுக்காகக் காத்திருந்த அரை மணி நேரத்தில் போன உயிர்கள் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் குளிர்ந்த வேர்வையும் மட்டும் வரலாம். நடையை அந்த இடத்திலேயே நிறுத்தி 108-க்குப் பேசுங்கள். மெரினாவில் இடம் சொல்வது சுலபம். உழைப்பாளர் சிலை, காந்தி சிலை, 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த ஔவையார், கம்பர், பாரதியார் சிலைகள் என்று வரிசையாக இருக்கின்றன. அருகில் இருக்கும் சிலையைச் சொன்னால் போதும். பெயர், நோய், மருந்து, வீட்டு எண் எழுதிய சீட்டு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருக்க வேண்டும். போன் பூட்டியிருந்தால் அதிலுள்ள எண்ணால் பயனில்லை.

கணுக்கால் தண்ணீர்தானே என்பது

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். 1930 டிசம்பர் 30-ஆம் தேதி, அதன் அருகே கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்த ஒரு டென்மார்க்காரரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. காப்பாற்றப் போனவரே போன இடம். இன்றும் அந்தக் கடல் அப்படித்தான்.

வயதானவர்கள் நீந்தப் போவதில்லை, கால் நனைக்கத்தான் போகிறார்கள். அலை பின்வாங்கும்போது காலடி மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும். சமநிலை குறைந்தவர் அதில் உட்கார்ந்துவிடுவார், அடுத்த அலை எழுந்திருக்க விடாது. தனியாக நனைக்கக் கூடாது, கடலுக்கு முதுகு காட்டி போட்டோவுக்கு நிற்கக் கூடாது. அடையாறு முகத்துவாரம், கற்கள் கொட்டிய தடுப்புகள் பக்கம் வேண்டவே வேண்டாம், அங்கே நீரோட்டம் இழுக்கும். அந்த முகத்துவாரத்தில் நிற்கும் உடைந்த பாலம் பக்கம் பொழுது சாயும் நேரத்தில் போகாதீர்கள்.

காற்றே இல்லாத நாளில், எங்கோ தொலைவில் எழுந்த அலை வந்து திடீரெனக் கரையேறுவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது அப்படித்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, செய்தியில் வரும். அதைவிடப் பக்கத்தில் இன்னொரு வழி இருக்கிறது. ஊரூர் குப்பத்திலோ நொச்சிக்குப்பத்திலோ வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள். வாடைக்காற்றா கொண்டலா, அலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அப்படிக் கேட்கும் உறவு வேண்டுமென்றால், காயப்போட்ட வலையை மிதிக்காமல், கருவாட்டு வாடைக்கு மூக்கைப் பொத்தாமல், கேட்காமல் போட்டோ எடுக்காமல் அந்த இடத்தைக் கடக்க வேண்டும். அது அவர்கள் வாசல்.

ஒவ்வொரு முறையும் புது இடம்

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம் புலிக்குகையிலிருந்து கடற்கரைக் கோயில் வரைக்கும் கரையோரமாகவே நடக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஆசையான வழிதான். சுனாமிக்குப் பிறகு மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட முருகன் கோயிலையும் அங்கே பார்க்கலாம். ஆனால் நாலைந்து கிலோமீட்டர் முழுக்க மணல். பல இடங்களில் ரிசார்ட் சுவர்கள் இருப்பதால் நினைத்த இடத்தில் ரோட்டுக்கு ஏற முடியாது. புலிக்குகையைப் பார்த்து, அங்கே சவுக்கு நிழலில் உட்கார்ந்து, கோயிலுக்கு வண்டியில் போவதே சரி. பாதியில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் வெளியே வர வழி இல்லாத எந்த இடமும் நமக்கு வேண்டாம்.

ஒரே வழியில் திரும்பத் திரும்ப நடப்பது சலிப்பு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எலியட்ஸ் கடற்கரையில் வேளாங்கண்ணி கோயில், அஷ்டலட்சுமி கோயில் என்று தெற்கே போகும் அதே சின்ன நடை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஜனவரியிலிருந்து, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் இரவில் கரையேறிய தடம், காற்றில் உருண்டோடும் ராவணன் மீசை உருண்டைகள், அடப்பங்கொடியின் ஊதாப் பூ, நண்டு வளையைச் சுற்றிக் கோலம் மாதிரி மணல் உருண்டைகள். தெரிந்த இடத்தில் பள்ளம் மேடு தெரியும், ஆட்டோ நிற்கும் இடம் தெரியும், டீக்கடைக்காரருக்கு யாருக்குச் சர்க்கரை இல்லாமல் என்று தெரியும்.

பணமும் இங்கே வருகிறது. வசதியான ஒருவர் ஒவ்வொரு முறையும் 'நான் கொடுத்துடறேன்' என்று பில்லை எடுத்தால் பென்ஷன் இல்லாத நண்பருக்கு அது சங்கடம். எல்லோரும் சமமாகப் போடும் சின்னத் தொகையில் அடங்குகிற இடமாகப் பாருங்கள். மாநகரப் பேருந்தில் 60 வயதானவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் உண்டு, சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ் போகும் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தால் காருக்காக யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

நடக்க முடியாதவர் வர முடியாது என்பது

முட்டி ஆபரேஷன் ஆனவர், வாக்கர் வைத்திருப்பவர், பக்கவாதத்திலிருந்து தேறியவர், இவர்களை 'ரெஸ்ட் எடுங்க சார்' என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். டிபன் நேரத்தையும் இடத்தையும் மாற்றாமல் வைத்துக்கொண்டால் அவர்கள் ஒரு ஆட்டோவில் நேராக அங்கே வந்துவிடலாம். மெரினாவிலும் எலியட்ஸிலும் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் அலை தெரியும் இடம்வரைக்கும் போகலாம். புயலில் சேதமாகிச் சரிசெய்த கதையும் அதற்கு உண்டு, போகும் முன் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் வராத அன்றைக்குச் சாயங்காலமே போன் செய்யுங்கள். 'ஏன் வரலை?' என்று கேட்டால் பேரன் வந்துவிடுவான். "தூரம் அதிகமா இருக்கா? அடுத்த தடவை உட்கார இடம் இருக்கிற பக்கமா வைக்கலாமா?" என்று கேட்டால் பதில் வரும்.

நண்பர் இறந்துவிட்டால் அவர் எண்ணை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அதோடு அந்த வீட்டோடு தொடர்பே அறுந்துவிடுகிறது. கூடவே வந்துகொண்டிருந்த மனைவியையோ கணவரையோ யாரும் கூப்பிடுவதில்லை, கூப்பிடுவது தப்பாகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். காரியமெல்லாம் முடிந்து ஒன்றிரண்டு மாதம் போகட்டும். அப்புறம் குழுவில் அவருக்கு நெருக்கமான ஒருவர் நேரில் போய், "இந்த மாசம் எலியட்ஸ்தான், டிபனுக்கு மட்டும் வாங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். முதல் முறை வர மாட்டார்கள். அடுத்த மாதமும் கேளுங்கள்.